நூற்று ஐம்பத்து மூன்று மில்லிமீட்டர்

பீல் நகரில், ரயில் நிலையத்துக்குப் பின்னால்
ஏபர்ஸோல்ட் அம்மாவின் கடை.
மேசைமேல் பச்சைக் கம்பளித் துணி.
அதன்மேல் மூன்று சுழல்துப்பாக்கிகள்,
பள்ளிக்கூடப் படத்துக்கு நிறுத்திய மாதிரி
உயர வரிசையில்: நாலு அங்குலம், ஆறு, எட்டுச் சொச்சம்.

எட்டை அவளே எடுத்து உள்ளே வைத்தாள்.
போட்டி விதியில் குழலின் எல்லை
நூற்று ஐம்பத்து மூன்று மில்லிமீட்டர்.
ஆறு அங்குலம் என்றால்
நூற்று ஐம்பத்திரண்டு புள்ளி நாலு.
மிச்சம் புள்ளி ஆறு.
"மயிரிழைதான்" என்றாள்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
கடிகாரத் தொழிற்சாலையில் பல்சக்கரம் அளக்கிறவள் நான்.
புள்ளி ஆறு எங்களுக்குப் பெருவெளி,
ஏர் பூட்டி உழலாம்.

அனுமதிச் சீட்டுக்கு ஆறு மாத ஆயுள்.
இது ஐந்தாவதின் கடைசிக் கிழமை.
அதற்கு முன்னால் சிவப்புக் கடவுச்சீட்டு,
அதற்கு முன்னால் பதினான்கு வருடம்:
நான் பிறந்த நாட்டின் பெயர்
இந்த மேசைக்குக் கிட்ட வரக்கூடாத
பட்டியல் ஒன்றில் இருந்தது.
சனிக்கிழமைகளில் மார்லிஸுக்குப் பின்னால் நின்று
அவளுடைய அட்டைகளின் ஓட்டைகளை
எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் நாங்கள் அந்தச் சொல்லைப் புழங்குவதில்லை.
"சாமான்" என்பார் குகதாசன்.
"சாமான் என்ன விலை?"
வேறெதுவும் கேட்கமாட்டார்.
ஆனால் மைதானத்து நடுவர் ஜெர்மனில்
தொடங்கச் சொல்லும்போதெல்லாம்
என் காது தன்பாட்டில் மொழிபெயர்க்கும்:
துவக்கு.

நிலவறையில் இருபத்தைந்து மீட்டர்.
முதலில் நாலு.
கைக்கு இலகு. முன்குறி
பின்குறியின் பள்ளத்துக்குள் போய்
அசையாமல் உட்கார்ந்தது.
ஐந்தைந்தாய்ப் பத்துத் தோட்டா.
தொண்ணூற்றொன்று.

பிறகு ஆறு.
மூக்கில் கனம். மணிக்கட்டு முறைப்பாடு வைத்தது.
முன்குறி நின்ற இடத்தில் நிற்கவில்லை.
என் நாடி, காலையில் குடித்த இரண்டாவது கோப்பி,
இரவு வேலை தின்ற நித்திரை,
எல்லாம் அந்தக் கறுப்புத் துண்டின் நுனியில் ஏறி
ஆடிக்கொண்டிருந்தன.
ஒன்று மட்டும் சொல்லவேண்டும்.
நாற்பத்தெட்டு வயதுக் கண்ணுக்கு
இரண்டங்குலம் தள்ளி நிற்கும் குறி
விளிம்பு பிசகாமல் தெரிகிறது,
கையை நீட்டிப் பிடித்துப் படிக்கும் பத்திரிகைபோல.
எண்பத்தெட்டு.

இரண்டு அட்டைகளையும் அருகருகே வைத்து
"உங்கள் கைக்கு நாலுதான்" என்றாள்.
கணக்கு அவள் பக்கம்.

நான் நாலின் அட்டையில் ஓர் ஓட்டையைத் தொட்டேன்.
ஏழு. இடம், கீழே.
இது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது.
குறி அமைதியாகத்தான் இருந்தது,
விரலும்.
எல்லாம் சரி என்று சொல்லிச் சொல்லியே
அது என்னை அங்கே கூட்டிப்போயிருக்கிறது.

ஆறின் அட்டையிலும் ஒரு ஏழு.
அட்டை திரும்பி வருமுன்னே,
சத்தம் அடங்குமுன்னே அதை எனக்குத் தெரியும்.
வெடித்த கணத்தில் முன்குறி இடப்பக்கம் சாய்ந்ததைப்
பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.
"இடம், கீழே, ஏழு" என்று வாய்விட்டுச் சொன்னேனே,
உங்களுக்குக் கேட்கவில்லையா?

அவள் காதுக் கவசத்தைக் கழுத்துக்கு இறக்கினாள்.
கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு படிவத்தை என் பக்கமாய்த் திருப்பி
நீளம் எழுதும் கட்டத்தில் விரல் வைத்தாள்.

பேருந்தில் பெட்டி மடியில்.
பக்கத்து இருக்கைச் சிறுவன்
கேக் என்று நினைத்திருக்கலாம்.

குகதாசன் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்.
விலையைக் கேட்பார் என்று நினைத்தேன்.
"எவ்வளவு நீளம்?" என்றார்.
பெருவிரலையும் சுட்டுவிரலையும் அகட்டிக் காட்டினேன்.
கத்தியை வைத்துவிட்டு
அந்த இடைவெளியைப் பார்த்தார்.

"கை நடுங்குது."

"ஓம்," என்றேன், "தெரியுது."